பிடிவாதம் அல்ல, நோய்!



பசி என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. நான்காவது பாடவேளை முடிவதற்குள் வயிறு தானாக மணியடித்துவிடும். பிறகு பள்ளி மணியும் அடிக்கும். உடனே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். பசி, உணவு, நிறைவு ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வந்து போவதால் அவற்றைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை.

ஆனால் உங்கள் வகுப்பில் ஒருத்தி சில மாதங்களாகச் சாப்பாட்டு வேளையில் மட்டும் காணாமல் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால், "காலையில் வீட்டிலேயே நிறையச் சாப்பிட்டுவிட்டேன்" என்கிறாள். வீட்டில் அம்மா கேட்டால், "பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுவிட்டேன்" என்கிறாள். நாளுக்கு நாள் மெலிகிறாள். யாராவது அதைச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. இதற்கு நம் வீடுகளில் ஒரு பெயர் தயாராக இருக்கிறது: பிடிவாதம். "நாலு போடு போட்டால் தானாகச் சாப்பிடுவாள்" என்பார் ஒருவர். "பசித்தால் தானே வந்து கேட்பாள், விடு" என்பார் இன்னொருவர்.

இந்த இரண்டு யோசனைகளுமே தவறானவை. அதிலும் இரண்டாவது யோசனை உயிருக்கே ஆபத்தானது. நெடுநாள் பட்டினி கிடக்கும் மூளை, தனக்கு உணவு வேண்டும் என்பதைச் சரியாக எடுத்துச் சொல்லும் நிலையில் இருப்பதில்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சியே இதற்குச் சான்றாக இருக்கிறது.

இரண்டாவது உலகப் போரின் கடைசிக் கட்டம் அது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் வாடிக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்பதற்கு அன்றைய மருத்துவ நூல்களில் திருப்தியான விடை இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆன்செல் கீஸ் என்ற உடலியல் விஞ்ஞானி இதை ஆராய முன்வந்தார். கொல்வது பாவம் என்று மனச்சாட்சியின் பேரில் போர்க்களம் செல்ல மறுத்த இளைஞர்கள் 36 பேர், தாங்களாகவே முன்வந்து இந்த ஆராய்ச்சிக்குத் தங்கள் உடலைக் கொடுத்தார்கள். உடலும் மனமும் திடமாக உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த அறைகள்தாம் ஆய்வுக்கூடம். 1944 நவம்பரில் வேலை தொடங்கியது.

முதல் 12 வாரங்கள் வழக்கமான உணவு. 1945 பிப்ரவரியிலிருந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி. பஞ்சகால ஐரோப்பாவில் கிடைத்தது போன்ற உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி ஆகியவைதாம் உணவு. அதோடு வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கலோரி கொடுத்தார்கள் என்ற கணக்கும் உண்டு. ஆனால் அந்த எண்ணை நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. எண்களைப் பிடித்துக்கொண்டு வளரும் நோய் ஒன்றைப் பற்றி எழுதும்போது எண்களில் கொஞ்சம் சிக்கனம் நல்லது.

என்ன நடந்தது? உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. இதைச் சுலபமாக எதிர்பார்க்கலாம். சராசரியாக நிமிடத்துக்கு 55 முறை துடித்துக்கொண்டிருந்த இதயம் 35 முறைக்கு இறங்கியது. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. கோடைக்காலத்திலும் குளிர்கிறது என்று போர்வை கேட்டார்கள். முடி உதிர்ந்தது, கால் வீங்கியது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. எண்ணெய் தீரப்போகும் விளக்கின் திரியைத் தாழ்த்தி வைப்பது போல, உடல் ஒவ்வொரு செலவையும் குறைத்துக்கொண்டே வந்தது.

ஆனால் விஞ்ஞானிகளை அதிகமாகத் திகைக்க வைத்தது அவர்களுடைய மனத்தில் ஏற்பட்ட மாறுதல்தான். கலகலப்பாக இருந்தவர்கள் தனியே ஒதுங்கினார்கள். சிரிப்பு மறைந்தது, எரிச்சல் வந்தது. படிப்பில் நாட்டம் போயிற்று. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள். பண்டங்களின் செய்முறைகளை விழுந்து விழுந்து படித்தார்கள். தட்டில் இருந்த சிறிதளவு உணவை நுணுக்கி நுணுக்கி, சிலர் ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் வரை இழுத்தார்கள். எல்லாவற்றிலும் வியப்பு என்ன தெரியுமா? எலும்பும் தோலுமாக இருந்த அவர்களுக்குத் தாங்கள் மிகவும் மெலிந்துவிட்டதாகத் தோன்றவில்லை. மற்றவர்கள்தாம் அளவுக்கு மீறிப் பருத்துவிட்டதாகத் தோன்றியது!

கொஞ்சம் நின்று யோசியுங்கள். இவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர். அழகுக்காக உடலை இளைக்க வைத்தவர்களும் அல்லர். ஆண்கள், ஆரோக்கியமானவர்கள், நல்ல மனோதிடம் உள்ளவர்கள். பட்டினி ஒன்றே அவர்களுடைய எண்ணம், சுபாவம், கண் பார்க்கும் பார்வை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. உணவு திரும்பக் கிடைத்த பின்னும் அவர்கள் முழுமையாகத் தேற மாதக்கணக்கில் ஆயிற்று. 1950-இல் கீஸும் அவருடைய சகாக்களும் இந்த விவரங்களை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

உண்ணல் கோளாறு என்ற நோய் முழுவதையும் இந்த ஒரு பரிசோதனை விளக்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். மின்னசோட்டா இளைஞர்கள் எப்போதடா உணவு வரும் என்று காத்திருந்தார்கள். நோயாளிக்கோ உணவு வந்தாலே பயம். அந்தப் பயம் எப்படிப் பிறக்கிறது என்பது தனிக் கதை. ஆனால் எந்தக் காரணத்தால் சாப்பாடு குறைந்தாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு பட்டினியே நோயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பட்டினி கிடக்கும் வயிறு காலியாகும் வேகமும் குறைந்துவிடுகிறது. ஆகவே இரண்டு வாய் சாப்பிட்டதும், "வயிறு நிறைந்துவிட்டது" என்று அந்தப் பெண் சொல்வது பொய் அல்ல. அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது. அவளிடம் போய், "பசித்தால் சாப்பிடு" என்றால் அவள் என்ன செய்வாள்?

இது நாகரிகம் கொண்டுவந்த புது நோய், பணக்கார வீட்டு நோய் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற மருத்துவர் 1689-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய இருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருத்தி 18 வயதுப் பெண். மற்றவன் 16 வயதுப் பையன். இது பெண்களுக்கு மட்டுமே வரும் என்று நினைப்பவர்கள் அந்தப் பையனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்ல் லசேக் என்ற இரு மருத்துவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்நோயை விவரித்தார்கள். கல் வைத்த பெயர்தான் அனோரெக்சியா நெர்வோசா. அனோரெக்சியா என்றால் பசியின்மை என்று பொருள். உண்மையில் இது பொருத்தமில்லாத பெயர். இந்நோயில் பசி இருக்கத்தான் செய்கிறது. அதை அடக்குவதே அவர்களுக்கு முழுநேர வேலையாகிவிடுகிறது. 1979-இல் லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் இன்னொரு வகையை விவரித்துப் புலிமியா நெர்வோசா என்று பெயரிட்டார். இதில் கட்டுக்கடங்காமல் சாப்பிடுவதும், பிறகு பயந்து அதை வெளியேற்றுவதும் மாறி மாறி நடக்கும். வெளியேற்றாமல், அடக்க முடியாத வேகத்தில் மிகுதியாகச் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் குமைவதும் ஒரு தனி நோய் என்று 2013-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின் இரண்டு வகைகளிலும் ஆள் மெலியாமலே இருக்கலாம். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று சொல்லி நோயைத் தவறவிடுவது இங்கேதான்.

அடையாளங்களைத் தெரிந்துகொள்வோம். டிபன் பாக்ஸை எப்போதும் மற்றவர்களுக்கே கொடுத்துவிடுவது. தோசையைப் பொடிப்பொடியாகப் பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்பி வைப்பது. வீட்டில் எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமல் இருப்பது. மின்னசோட்டா இளைஞர்களின் சமையல் புத்தகங்கள் நினைவுக்கு வருகின்றனவா? புதுப் புது விரதங்கள். முதலில் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், பிறகு சோறு வேண்டாம், பிறகு எதுவுமே வேண்டாம் என்று நீளும் பட்டியல். ஒரு நாள் ஓடாவிட்டாலும் குடிமுழுகிப் போனது போன்ற தவிப்பு. திரும்பத் திரும்ப எடை பார்ப்பது, கண்ணாடி பார்ப்பது. சாப்பிட்டு எழுந்ததும் ஒவ்வொரு முறையும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுவது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது. இது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயம் அல்ல. உடலில் சக்தி போதவில்லை என்று மூளை இனப்பெருக்க ஹார்மோன்களை நிறுத்திவைத்திருக்கிறது என்று பொருள். அதே ஹார்மோன்கள்தாம் எலும்பையும் காக்கின்றன. எலும்பு கெட்டிப்படும் பள்ளிப் பருவத்தில் இப்படி நேர்ந்தால் இழப்பு பெரியது.

இவற்றில் ஒன்று தென்பட்டவுடனேயே, "உனக்கு இந்த நோய்தான்" என்று முத்திரை குத்திவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர் எல்லோரும் நோயாளி அல்லர். ஒல்லியான உடல்வாகும் நோய் அல்ல. வீட்டில் அரிசி இல்லாமல் பட்டினி கிடப்பது வேறு விஷயம். அதற்கு வேறு உதவி வேண்டும். காசநோய், நீரிழிவு, தைராய்டு கோளாறு போன்றவற்றாலும் எடை குறையும். மார்ட்டன் அந்த இருவரைப் பற்றி எழுதியதே காசநோய் பற்றிய நூலில்தான். எது எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. மாறுதலைக் கவனித்து, அவளை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழி செய்வதுதான் நம் வேலை.

ஏன் இந்த நோய் வருகிறது? பிறப்பிலேயே வரும் இயல்புக்கு இதில் பங்கு உண்டு. 2019-இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று, அனோரெக்சியாவோடு தொடர்புள்ள எட்டு இடங்களை மனிதனின் மரபணுத் தொகுப்பில் கண்டறிந்தது. அவற்றுள் சில, உடல் சத்துக்களைச் செலவிடும் முறையோடும் தொடர்புள்ளவை. ஆகவே, "அம்மா சரியாக வளர்க்கவில்லை" என்று தாயைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஆனால் விதை இருந்தாலும் முளைக்க ஈரம் வேண்டுமே! பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவுகளில் வாட்டசாட்டமான உடலைத்தான் மக்கள் விரும்பி வந்தார்கள். 1995-இல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர் அங்குள்ள பள்ளி மாணவிகளை அந்த ஆண்டிலும், மூன்றாண்டுகள் கழித்தும் விசாரித்தார். எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுக்கும் வழக்கம் 1995-இல் ஒருவரிடமும் இல்லை; 1998-இல் நூற்றுக்குப் பதினொருவரிடம் இருந்தது. அன்று வீட்டுக்கு ஒரு பெட்டி. இன்று ஆளுக்கு ஒரு கைபேசி.

கைபேசியை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் நான் தயாராக இல்லை. கல்யாண வீட்டில், "என்ன, இப்படி இளைச்சுட்டே! இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கே" என்று பாராட்டும் அத்தைமார்களும் ஈரம் வார்க்கிறார்கள். வகுப்பில், "குண்டு", "பூசணி" என்று பட்டப்பெயர் வைத்து மகிழ்பவர்களும்தான். எல்லோர் முன்னாலும் மாணவர்களை எடைக்கருவியில் நிறுத்தி, எண்ணை உரக்கப் படிக்கும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. எடை பார்ப்பது அவசியமானதுதான். நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அதைத் தனியறையில் பார்த்து, அட்டையில் குறித்துக்கொண்டால் போதாதா? மதிப்பெண் போல அதை அறிவிக்க வேண்டிய தேவை என்ன? ஆசிரியப் பெருமக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்பது என் கருத்து. வளரும் வயதில் ஒரு பிள்ளையின் எடை குறைவது வாழ்த்துச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. காரணம் கேட்க வேண்டிய செய்தி.

இந்நோயில் உயிர் போவதும் உண்டு. மனநோய்களுள் இறப்பு மிகுதியாக உள்ளவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. உலகப் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர், பல ஆண்டுகள் இந்நோயோடு போராடி, 1983 பிப்ரவரி 4 அன்று இதயம் செயலிழந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது 32 தான். அடிக்கடி வாந்தி எடுத்தால் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறிவிடும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்தின் தாளம் தப்பும். வயிற்றின் அமிலம் பல்லின் எனாமலையும் அரித்துவிடும்.

சரி, உங்கள் தோழியிடம் இந்த அடையாளங்கள் தெரிகின்றன. என்ன செய்வது?

முதலில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவளுடைய உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். "நீ ரொம்ப மெலிந்துவிட்டாய்" என்று கவலையோடு சொன்னாலும், நோயின் காதுக்கு அது பாராட்டாகக் கேட்கும். "நீ இப்போதெல்லாம் எங்களோடு சாப்பிட உட்காருவதில்லை. போன வாரம் மயங்கி விழுந்தாய். எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். அவள் மறுப்பாள், கோபிப்பாள். மூளையே பட்டினியில் இருக்கும்போது வேறு எதை எதிர்பார்க்க முடியும்? அதன் பின் நம்பகமான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அது வகுப்பு ஆசிரியையாக இருக்கலாம். அவளுடைய அம்மாவாக, உங்கள் அம்மாவாக இருக்கலாம். "யாரிடமும் சொல்லாதே, சத்தியம் செய்" என்று அவள் கேட்டிருக்கலாம். அந்தச் சத்தியத்தை மீறுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன். கிணற்றில் விழுந்தவள், "யாரையும் கூப்பிடாதே" என்றால் நீங்கள் கேட்டுக்கொண்டு நிற்பீர்களா?

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே இந்தத் தொல்லை இருக்கலாம். அப்படியானால் ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு என்னை விட மாட்டேன் என்கிறது." எடுத்துச் சொல்ல யாருமே இல்லை என்று தோன்றினால் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இது அரசின் மனநல ஆலோசனைச் சேவை, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்களும் இருக்கிறார்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நிலை, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றில் எது இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108-ஐக் கூப்பிடலாம். பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அத்தோடு நிறுத்திவிட்டால்தான் கெடுதல்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு, ஆசையின் பேரில் ஒரே நாளில் விருந்து படைத்துவிடக் கூடாது. உணவு திடீரென்று நிறையச் சேரும்போது இன்சுலின் மிகுதியாகச் சுரக்கும். அது இரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம் ஆகியவற்றைத் திசுக்களுக்குள் இழுத்துவிடும். இரத்தத்தில் அவை சட்டென்று குறைவதால் இதயம் தடுமாறும். உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகையால் மிகவும் மெலிந்தவர்களுக்கு மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேதான் உணவைப் படிப்படியாகக் கூட்டுவார்.

உணவுதான் இங்கே முதல் மருந்து. அனோரெக்சியாவை மட்டும் தனியாகக் குணப்படுத்தும் மாத்திரை எதுவும் இதுவரை இல்லை. நோயாளியைப் பராமரிக்கச் சொந்தக்காரர்கள் கொஞ்சமும் லாயக்கில்லாதவர்கள் என்று வில்லியம் கல் அன்று எழுதினார். இதில் காலம் அவரை மாற்றிவிட்டது. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகிய முறையில், பெற்றோரே மருத்துவக் குழுவின் கையாள்களாகி, வீட்டில் வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உணவூட்டுகிறார்கள். அடிப்பதும் இல்லை, கெஞ்சுவதும் இல்லை, விட்டுக்கொடுப்பதும் இல்லை. பள்ளி வயதினருக்கு இந்த முறை நல்ல பலன் தருகிறது. புலிமியாவுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சு சிகிச்சை உதவுகிறது. பட்டினியில் மூளையின் சாம்பல் நிறப் பகுதி சுருங்குவது ஸ்கேன் படங்களில் தெரிகிறது. எடை திரும்பியதும் அது பெருமளவு மீள்வதும் அதே படங்களில் தெரிகிறது. குணமாக மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் குணமும் சீக்கிரம் கிடைக்கும்.

முதல் நாள் மருத்துவரிடம் போகும்போது என்ன நடக்குமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்ப்பார். எடை பார்ப்பார், அந்த எண் தெரிய வேண்டாம் என்றால் திரும்பி நின்றுகொள்ளலாம், முன்பே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். பிறகு உங்களோடு கொஞ்ச நேரமும், அம்மா அப்பாவோடு கொஞ்ச நேரமும் தனித்தனியே பேசுவார். என்ன சாப்பிடுகிறாய், என்ன பயம், எப்போதிலிருந்து என்று கேட்பார். உள்ளதை உள்ளபடியே சொல்லலாம். அவர் இதைப் போல முன்பும் கேட்டிருப்பார்.